கல்யாணச் சடங்குகள்: வழக்கம் முதலில் வந்தது, காரணம் பிறகு வந்தது

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பதாகவும், தாலி, மூன்று முடிச்சு, அம்மி, அருந்ததி, மெட்டி, ஆடி மாதத் தடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அறிவியல் காரணம்' வாட்ஸப்பில் சுற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவையெல்லாம் உண்மையில் எங்கிருந்து வந்தவை, எதை நம்பலாம், மொய்யில் ஏன் ஒரு ரூபாய் கூட்டி வைக்கிறோம் என்பது உங்கள் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலான சடங்குகளில் வழக்கம்தான் முதலில் வந்தது. காரணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் காரணமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் புராணக் கதை சொன்னார்கள், இப்போது நரம்பு, ஹார்மோன் என்கிறார்கள். ஆனால் எந்தச் சடங்கு எப்போது கண்ணில் படத் தொடங்குகிறது என்பதைப் பழைய பாட்டுகளை வைத்து ஓரளவு சொல்லிவிட முடியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கல்யாண வருணனைகளில் ஒன்று அகநானூற்றின் 86ஆம் பாட்டு. பாடியவர் நல்லாவூர் கிழார். உளுந்து போட்டுக் குழையச் சமைத்த பொங்கலும் பெருஞ்சோறும் தயாராக இருக்கின்றன. வரிசையாகக் கால் நட்டுப் பந்தல் போட்டு, புது மணல் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள். வீட்டில் விளக்கேற்றி, மாலைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இருள் விலகும் அதிகாலை, நல்ல நாள். வயதான பெண்கள் தலையில் குடமும் கையில் புதிய அகன்ற பாத்திரமுமாக, சலசலவென்று பேசியபடி, முன்னே தர வேண்டியதை முன்னும் பின்னே தர வேண்டியதைப் பின்னுமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்புறம் மகன் பெற்ற நான்கு பெண்கள் சேர்ந்து, "கற்பினின் வழாஅ நற்பல உதவிப் பெற்றோற் பெட்கும் பிணையை ஆக" (கற்பில் வழுவாமல், நல்லது பல செய்து, உன்னை அடைந்தவன் விரும்பும் துணையாக இரு) என்று வாழ்த்தி, பூவும் நெல்லும் கலந்த நீரை மணப்பெண்ணின் தலையில் ஊற்றுகிறார்கள். ஈரக் கூந்தலில் பூவிதழும் நெல்லும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கல்யாணம் முடிந்தது.

இந்தப் பாட்டில் புரோகிதர் இல்லை, ஓமத் தீ இல்லை, தாலி இல்லை. சடங்கை நடத்துபவர்கள் முழுக்கப் பெண்கள். பந்தல், விளக்கு, மங்கல நீராட்டு, தலையில் தானியம் தூவுவது என்று இதில் வருபவை இன்றைக்கும் உங்கள் மண்டபத்தில் இருக்கின்றன. நெல்லுக்குப் பதில் மஞ்சள் தடவிய முனை முறியாத அரிசி. அதை அட்சதை என்கிறோம். ஆக, கல்யாணத்தில் மிகப் பழைய பகுதி எது என்று என்னைக் கேட்டால், மேடையில் ஐயர் சொல்கிற மந்திரத்தைக் காட்ட மாட்டேன். முதல் நாளே வீட்டில் அத்தைகளும் சித்திகளும் செய்கிற நலங்கையும், கூட்டத்திலிருந்து வந்து விழுகிற அந்த அரிசியையும்தான் காட்டுவேன்.

இதை வைத்துக்கொண்டு சங்ககாலக் கல்யாணம் எந்த மூடநம்பிக்கையும் இல்லாத சுத்தத் தங்கம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் பாட்டு இடம் கொடுக்கவில்லை. வாழ்த்துகிற நால்வரும் 'புதல்வற் பயந்த' மகளிர். மகன் பெறாதவளுக்கும் பிள்ளையே இல்லாதவளுக்கும் அந்த இடம் அப்போதே கிடையாது. விதவையை மேடைக்கு வரவிடாத இன்றைய வழக்கத்தின் வேர் அங்கேயே தெரிகிறது. நாள், கோள் பார்ப்பதும் அப்போதே உண்டு. அகநானூறு 136ஆம் பாட்டில், விற்றூற்று மூதெயினனார் பாடும் கல்யாணத்தில், பறவைச் சகுனம் நன்றாக இருந்தது என்றும், நிலவு ரோகிணியோடு கூடிய நேரம் என்றும் வருகிறது. சிலப்பதிகாரத்திலும் கோவலன் கண்ணகி கல்யாணம் 'வானூர் மதியம் சகடு அணைய' நடக்கிறது; சகடு என்பதும் ரோகிணிதான். இன்றைய பஞ்சாங்கத்திலும் கல்யாணத்துக்கு நல்ல நட்சத்திரங்களில் ரோகிணி இருக்கிறது. இவ்வளவு காலமாக விடாமல் வந்திருக்கும் ஒரு நம்பிக்கை அபூர்வம்.

அதே 136ஆம் பாட்டில் இன்னொரு சுவையான விஷயம். விருந்தாளிகளுக்குப் போட்டது இறைச்சி சேர்த்துச் சமைத்த, நெய் ஒழுகும் வெண்சோறு என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். முகூர்த்தச் சாப்பாடு சைவமாகத்தான் இருக்க வேண்டும், பிரியாணியை ரிசப்ஷனுக்கோ மறுவீட்டுக்கோ தள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற பெரியப்பாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

சிலப்பதிகாரத்துக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. யானை மேல் பெண்களை ஏற்றி ஊர் முழுக்கக் கல்யாணச் செய்தி சொல்லி அனுப்புகிறார்கள்; பத்திரிகை வைப்பதன் பழைய வடிவம். 'மாமுது பார்ப்பான் மறைவழி காட்டிட' இருவரும் தீயை வலம் வருகிறார்கள். மணமக்களைச் சூழும் பெண்கள் கையில் விளக்கு, சாந்து, சுண்ணம், முளைவிட்ட பாலிகைக் குடம் எல்லாம் இருக்கின்றன. நவதானியத்தைக் கிண்ணத்தில் முளைக்கவிட்டுக் கல்யாணம் முடிந்ததும் நீரில் கரைக்கிறோமே, அந்தப் பாலிகைதான். வணிகக் குடும்பத்தின் பெரிய இடத்துக் கல்யாணம் அது. பழைய வீட்டுச் சடங்கின் மேல் வைதிகச் சடங்கு வந்து உட்கார்ந்துவிட்டது. இன்று நாம் பார்ப்பதும் இந்த இரண்டு அடுக்கும் கலந்ததுதான்.

இப்போது தாலி. சங்கப் பாட்டுகளில் தாலி என்ற சொல் வருகிறது. ஆனால் குழந்தையின் கழுத்தில் வருகிறது. புறநானூறு 77இல் இடைக்குன்றூர் கிழார், சிறு வயதிலேயே போருக்கு வந்த பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்து வியக்கிறார்: 'தாலி களைந்தன்றும் இலனே', இன்னும் தாலியைக்கூடக் கழற்றவில்லை, பால் குடிப்பதை விட்டு இன்றுதான் சோறு சாப்பிட்டான் என்கிறார். அது ஐம்படைத்தாலி என்று உரைகள் சொல்கின்றன, பிள்ளைகளைத் தீங்கு அண்டாமல் இருக்கக் கட்டுகிற காப்பு. அகநானூறு 7இல் ஒரு பெண்பிள்ளையின் கழுத்தில் பொன்னோடு புலிப்பல் கோத்த தாலி இருக்கிறது. அவளும் கல்யாணம் ஆனவள் இல்லை.

கண்ணகி 'மங்கல அணி' தவிர வேறு நகை அணியவில்லை என்று சிலம்பு சொல்வதைத் தாலி என்று கொள்பவர்கள் உண்டு. வெறும் மங்கல அலங்காரம் என்பவர்களும் உண்டு. இதை வைத்துத் தமிழறிஞர்களிடையே போன நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆண்டாளின் 'வாரணமாயிரம்'. தன் கல்யாணத்தைத் தோழியிடம் கனவாகச் சொல்கிறாள். ஒரு சடங்கையும் விடவில்லை. பாளையும் கமுகும் கட்டிய பந்தல், கோடிப் புடவை, மாலை, கையில் காப்பு நாண், மத்தளம், சங்கு, கைத்தலம் பற்றுதல், தீவலம், அம்மி மிதித்தல், அண்ணன்மார் வந்து கைசேர்த்துப் பொரி போடுவது, கடைசியில் குங்குமம் பூசி யானை மேல் ஊர்வலம் வரை வரிசையாக வருகிறது. தாலி மட்டும் இல்லை. ஒரு பாட்டில் இல்லை என்பதால் ஊரிலேயே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிற ஒருத்தி, இன்று கெட்டிமேளம் கொட்டுகிற அந்த உச்சக் கணத்தை மறந்திருப்பாள் என்று நம்புவது கஷ்டம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதும்போது சந்தேகத்துக்கு இடமே இல்லை. குங்கிலியக்கலய நாயனார் வீட்டில் பிள்ளைகள் பட்டினி. மனைவி தன் 'மங்கல நூல் தாலி'யைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொல்கிறாள். (அவர் அதைக் கொடுத்துக் கோயிலுக்குக் குங்கிலியம் வாங்கிவிடுகிறார், அது வேறு கதை.) ஆக, குழந்தையைக் காத்த தாலி நடுவில் ஏதோ ஒரு காலத்தில் மனைவியின் கழுத்துக்கு இடம் மாறியிருக்கிறது. என் கணிப்பு, அது காப்பு என்ற வேலையையும் தன்னோடு எடுத்துக்கொண்டு வந்தது. இப்போது அது காப்பது கணவனின் ஆயுளை. தாலிக்கயிறு அறுந்தால் அபசகுனம், கழற்றவே கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்ற அத்தனை பயமும் அந்தக் காப்பு நம்பிக்கையின் மிச்சம்தான்.

தாலி கட்டும்போது சொல்லும் 'மாங்கல்யம் தந்துநானேன' வேதத்தில் உள்ள மந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு சுலோகம். ஆபஸ்தம்பர், ஆச்வலாயனர் போன்றோரின் கிருஹ்ய சூத்திரங்கள், அதாவது வீட்டுச் சடங்குகளுக்கு விதி சொல்லும் பழைய வடமொழி நூல்கள், சொல்லும் விவாகத்தில் கைப்பிடித்தல், ஓமம், கல் மிதித்தல், பொரியிடுதல், ஏழடி நடத்தல், நட்சத்திரம் பார்த்தல் எல்லாம் உண்டு, தாலி கிடையாது. இந்தப் பக்கத்து வழக்கத்தை வைதிகர்கள் எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு சுலோகத்தையும் செய்துகொண்டார்கள்.

மூன்று முடிச்சுக்கு மும்மூர்த்தி, மனம் வாக்கு காயம், பிறந்த வீடு புகுந்த வீடு பெற்ற பிள்ளை என்று எத்தனையோ விளக்கம் உண்டு. ஒரே சடங்குக்கு இத்தனை காரணம் இருந்தால், எல்லாமே பின்னால் யோசித்தவை என்று வைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது யார் கட்டுகிறார்கள் என்பது. பல குடும்பங்களில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். ஆண்டாள் கனவிலும் கோடிப் புடவை உடுத்தி மாலை சூட்டுபவள் அந்தரி, அதாவது துர்க்கை, கண்ணனின் தங்கை! நாத்தனாருக்கு அந்த இடம் அப்போதே இருந்திருக்கிறது. தாலி வந்தபோது அவள் பங்கு முடிச்சுக்கு மாறியது போலும். கொங்கு நாட்டு வேளாளர் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் அவர் சகோதரிக்கும் 'இணைச்சீர்' என்று தனிச் சடங்கே உண்டு. அங்கே புரோகிதரும் தேவையில்லை. ஊரில் மதிப்பும் பிள்ளைப்பேறும் உள்ள 'அருமைக்காரர்' நடத்துவார், மங்கல வாழ்த்துப் பாடுவார்கள். அகநானூற்று நால்வரின் நேர் வாரிசு அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

அம்மிக்கு வருவோம். தப்பு செய்தால் அகலிகை மாதிரி கல்லாகிவிடுவாய் என்று பெண்ணுக்கு விடும் எச்சரிக்கைதான் அம்மி மிதித்தல் என்று எல்லாரும் சொல்வார்கள். மந்திரம் சொல்வது வேறு. 'இந்தக் கல்லின் மேல் ஏறு, கல்லைப் போல உறுதியாக இரு, உன்னை எதிர்த்து வருபவர்களை மிதித்து நில்' என்பது அதன் பொருள். கிட்டத்தட்டப் போர்க்களத்து வாழ்த்து. அதை எடுத்துப் பெண்ணை மிரட்டுகிற கதையாக்கியது பிற்கால வேலை. காரணம் பிறகு வந்தது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பின்னால் வந்த காரணம் பல சமயம் மூலத்தைவிடச் சின்னதாகவும் இருக்கிறது. அம்மியே ஏன் என்றால், வீட்டில் கைக்கெட்டும் கல் அதுதான். இன்று வீட்டில் அம்மி இல்லை. மண்டபத்துக்காரர் குங்குமம் வைத்த ஒரு குட்டி அம்மியை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துவந்து வைக்கிறார்.

கால் அம்மி மேல் இருக்கும்போதே மெட்டி போட்டுவிடுகிறார்கள். இரண்டாம் கால்விரல் நரம்பு கருப்பைக்குப் போகிறது, வெள்ளி அதைத் தூண்டுகிறது என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அப்படி நேராகப் போகிற நரம்பு உடற்கூறியலில் கிடையாது. மெட்டி கல்யாணம் ஆனவள் என்பதற்கான அடையாளம். தங்கம் லட்சுமி என்பதால் இடுப்புக்குக் கீழே போடுவதில்லை, அதனால் வெள்ளி. அவ்வளவுதான்.

அருந்ததிதான் வாட்ஸப்பில் அதிகம் அடிபடுவது. மற்ற இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று நிற்க மற்றொன்று சுற்றும், வசிட்டரும் அருந்ததியும் மட்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன, இதைத் தொலைநோக்கி இல்லாமலே முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை. முதல் பகுதியே தவறு. ஈர்ப்பால் பிணைந்த எந்த இரட்டை நட்சத்திரமும் பொதுவான ஒரு மையத்தைத்தான் சுற்றும். அதில் இந்த ஜோடிக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. இவை இரண்டும் ஒன்றையொன்று சுற்றுவதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் மனித வரலாற்றைவிடப் பல மடங்கு நீளம்; வெறுங்கண்ணால் யாரும் பார்த்திருக்க முடியாது. முன்னோர் பார்த்தது எளிமையானது, அழகானது: சப்தரிஷி மண்டலத்தின் வாலில், நடுவில் இருக்கும் பிரகாசமான வசிட்டரின் பக்கத்தில், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற சின்ன நட்சத்திரம் ஒன்று. ஜோடியாக விலகாமல் இருக்கிறது. மனைவிக்கு உவமை சொல்ல அது போதும். அருந்ததி கண்ணுக்குத் தெரியாதவனுக்கு ஆயுள் நெருங்கிவிட்டது என்ற பழைய நம்பிக்கையும் உண்டு. முதுமையில் பார்வை மங்குவதை அப்படிச் சொன்னார்கள்.

சூத்திரங்கள் சொல்கிறபடி இது இரவுச் சடங்கு. நட்சத்திரம் தெரியும் வரை காத்திருந்து, மணமகன் மணமகளை வெளியே அழைத்துவந்து துருவனையும் அருந்ததியையும் காட்ட வேண்டும். நாமோ காலை ஒன்பது மணிக்கு மண்டப வாசலில் நின்று கையை நீட்டுகிறோம். "தெரியுதாம்மா?" என்று ஐயர் கேட்க, "தெரியுது" என்று பெண் சொல்ல, கேமராக்காரர் இன்னொரு தடவை காட்டச் சொல்வார். ஐப்பசி, கார்த்திகை, தை முகூர்த்தமென்றால் இன்னும் வேடிக்கை: நம் ஊரில் அந்த மாதங்களில் முன்னிரவிலும் அருந்ததி அடிவானத்துக்குக் கீழேதான். உங்கள் வீட்டுக் கல்யாணம் ஆவணியில் என்பதால் வாய்ப்பு இருக்கிறது. அன்று மாலை ஏழரை மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய் வடமேற்கில் கொஞ்சம் தாழ்வாகப் பாருங்கள். மேகம் விட்டால் உண்மையாகவே தெரியும்.

சப்தபதி பற்றியும் ஒரு வார்த்தை. தாலி ஏறியதும் கூட்டம் பந்திக்கு ஓடிவிடும். ஏழடி நடக்கும்போது மேடையில் இருப்பது நெருங்கிய சொந்தமும் வீடியோக்காரரும்தான். சாஸ்திரத்தில் ஏழாவது அடியில்தான் கல்யாணம் முழுமை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும், சப்தபதி உள்ள வழக்கமாக இருந்தால் ஏழாவது அடியில் திருமணம் நிறைவடைகிறது என்றே சொல்கிறது. முதல் அடி உணவுக்கு, இரண்டாவது ஆற்றலுக்கு என்று தொடங்கி ஏழாவது அடியில் 'என் தோழியாகிவிடு' என்கிறான். மொத்தக் கல்யாணத்திலும் எனக்கு மிகப் பிடித்த வரி. அதைக் கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை.

இந்த அடுக்குகள் எதுவுமே வேண்டாம் என்று நடந்ததும் நம் வரலாறுதான். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்வார்கள். பல ஆண்டுகள் இந்தத் திருமணங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அண்ணா முதல்வரான 1967இல்தான் தமிழ்நாடு சட்டம் திருத்தியது, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்து. உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரியும் மொழியில் சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம், அல்லது தாலி கட்டலாம்; இதில் எது நடந்தாலும் செல்லும். சட்டத்தின் கண்ணில் தாலி பல வழிகளில் ஒன்று.

சரி, ஆடி. ஆடியில் கரு உண்டானால் சித்திரைக் கத்திரியில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது, அதனால்தான் ஆடியில் கல்யாணம் இல்லை, புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்கிறார்கள் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆவணியில் கருவுற்றால் பிள்ளை பிறப்பது ஏறக்குறைய வைகாசியில். சென்னையில் வைகாசி வெயில் சித்திரைக்குச் சளைத்ததா? அக்னி நட்சத்திரமே வைகாசியில்தான் முடிகிறது. இருந்தும் ஆவணி முகூர்த்தங்களுக்கு மண்டபம் கிடைப்பதில்லை. தட்சிணாயனம் தொடங்குவதால் ஆகாது என்பதும் நிற்காது. ஆவணி, ஐப்பசி, கார்த்திகை எல்லாமே தட்சிணாயனம்தான்.

எனக்கு நம்பும்படி இருக்கும் காரணங்கள் இரண்டு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற ஊரில் அது விதைக்கிற மாதம். குதிரில் நெல்லும் கையில் காசும் குறைவு, ஆளும் ஓய்வில்லை. இன்னொன்று, அது அம்மன் மாதம். கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் சுபகாரியம் வைக்க மாட்டார்கள், வெளியூர் போய்த் தங்கவும் மாட்டார்கள். ஊர் கூடாமல் கல்யாணம் எப்படி? அறுவடை கைக்கு வரும் தையில் முகூர்த்தம் குவிவதும் இதே கணக்குதான். மாதமே கெட்டது என்றால் ஆடிப்பெருக்கன்று தாலிக்கயிறு மாற்றுவார்களா? பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துச் சீர் செய்யச் சொல்வார்களா? 'ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்துச் செருப்பால் அடி' என்ற பழமொழியைப் படைத்த மாப்பிள்ளை யாரோ, அவருக்கு ஆடி நல்ல மாதம்தான்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் கெடுதல் செய்யாதவை. நம்பினாலும் சரி, நம்பாமல் செய்தாலும் சரி. நட்சத்திர தோஷம் அப்படியில்லை. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு, பூராடம் நூலாடாது, அதாவது கழுத்தில் தாலி நிற்காது. மொத்தம் 27 நட்சத்திரத்தில் ஐந்து போயிற்று. ஐந்தாறு பெண்களில் ஒருத்திக்குப் பிறந்த அன்றே முத்திரை. பலன் அத்தனையும் புகுந்த வீட்டுக்கு. குற்றம் அத்தனையும் பெண்ணுக்கு. 'பெண் மூலம் நிர்மூலம்' என்பது உண்மையில் 'ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்' என்று இருந்தது திரிந்தது என்று ஜோசியர்களே சொல்கிறார்கள். எது மூலமோ, எதுகை மோனைக்காகப் பிறந்து ஒட்டிக்கொண்ட வாக்கியங்கள் என்பது காதுக்கே தெரிகிறது.

செவ்வாய் தோஷமும் கணக்கில் மாட்டிக்கொள்கிறது. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டு கட்டத்தில் ஐந்து. அப்படியானால் நூற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கும். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணத் தொடங்கினால் தப்பிப்பவர்கள்தான் சிறுபான்மை. அதனால்தான் விதிவிலக்குகள் அவ்வளவு நீளம். ஜாதகம் பார்ப்பது உங்கள் வீட்டு வழக்கமென்றால் பாருங்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. இந்த ஐந்து நட்சத்திரங்களை வைத்து ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் பேச்சு எழுந்தால் மட்டும் வாயைத் திறந்து எதிர்த்துப் பேசுங்கள். கணவனை இழந்த அத்தையை ஆரத்தி எடுக்க விடாமல் பின்வரிசையில் உட்கார வைத்தாலும் அப்படியே.

ஆரத்தி கண்திருஷ்டிக்கு. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பாவது மஞ்சளில் உள்ள சாயம் காரத்தில் நிறம் மாறுவதால். கிருமியைக் கொல்கிறது என்பதெல்லாம் சும்மா. மணமக்களுக்கு முன்னால் சுற்றி வாசலில் ஊற்றுகிற நீர் எந்தக் கிருமியை என்ன செய்யும்? மாப்பிள்ளை குடையும் விசிறியுமாகக் காசிக்குக் கிளம்புவது, குருகுலம் முடித்த பிரம்மச்சாரி இல்லறமா துறவறமா என்று நிற்கும் இடத்தை நடித்துக் காட்டுவது. கொஞ்சம் நாடகம், நிறையச் சிரிப்பு. இலங்கைத் தமிழரிடம் தாலிக்கான பொன்னை நல்ல நாளில் உருக்கும் 'பொன்னுருக்கு' பெரிய சடங்கு. அதற்குப் பிறகு கல்யாணம் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் கருகமணி கட்டுவதும், கிறிஸ்தவத் தாலியில் சிலுவையோ புறாவோ இருப்பதும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மதம் மாறியவர்களும் கழுத்துக் காப்பை விடவில்லை.

கடைசியாக மொய். 101, 501, 1001 என்று ஒரு ரூபாய் கூட்டுவதற்கு, சைபரில் முடிந்தால் உறவு முடிந்துவிடும், ஒற்றைப்படையென்றால் இரண்டாகப் பிரிக்க முடியாது என்று சொல்வார்கள். மொய்யின் இயல்பைப் பார்த்தால் இது பொருந்தித்தான் வருகிறது. மொய் அன்பளிப்பு மாதிரி தெரிந்தாலும் வட்டியில்லாத கடன். அதனால்தான் வாசலில் மேசை போட்டு, ஊர், பெயர், தகப்பன் பெயரோடு நோட்டில் எழுதுகிறார்கள். திருப்பிச் செய்யும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்து, வந்ததற்கு மேல் கொஞ்சம் வைப்பார்கள். சமமாக வைத்தால் கணக்கு நேராகிவிடும். நேரானால் அடுத்து வரப்போக வேண்டிய அவசியம் இல்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கல்யாணமே இல்லாமல் மொய்க்காக மட்டும் ஆடு வெட்டி 'மொய் விருந்து' வைக்கிறார்கள், அதுவும் முகூர்த்தம் இல்லாத ஆடியில். திரளும் பணத்தில் கடை வைக்கிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள், பிள்ளையைப் படிக்க அனுப்புகிறார்கள். வந்த மொய்யைச் சில ஆண்டுகளில் கூட்டித் திருப்பியாக வேண்டும், தவறினால் ஊரில் தலைகாட்ட முடியாது. ஸ்டேஷனரிக் கடையில் ஒரு ரூபாய் நாணயத்தை முன்கூட்டியே ஒட்டி மொய்க் கவர் விற்கிறார்கள். கூகுள் பேயில் அனுப்புகிறவர்களும் 1001 என்றுதான் அழுத்துகிறார்கள். வரும் மொய்யை எழுத ஒரு நோட்டையும், கையெழுத்து புரிகிற ஒரு ஆளையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.